அடக்கமான ஒரு காட்டு ஈஸ்ட்டைத் தேடி

பீரில் பிரெட்டை (ரொட்டி அல்ல, ஒரு காட்டு ஈஸ்ட்டின் செல்லப்பெயர்) கொஞ்சமாகப் போட்டால் அதன் வாடையும் கொஞ்சமாகத்தான் வரும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை அம்மாவின் அடுப்படியிலிருந்து வந்தது. “ரசத்துல பெருங்காயம் போட்டது தெரியக் கூடாதுடா, போடலைன்னா தெரியணும்” என்பார். ஒரு சிட்டிகை போதும். கை தவறி இரண்டாக விழுந்தால் ரசம் கஷாயமாகிவிடும். வீட்டில் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டு, காட்டு ஈஸ்ட்டைத் தொடும் கட்டத்துக்கு வந்தபோது நானும் அந்தச் சிட்டிகைக் கணக்கைத்தான் போட்டேன். ஆனால் பெருங்காயம் ரசத்துக்குள் குட்டி போடாது. ஈஸ்ட் போடும். இந்த வித்தியாசம் எனக்கு உறைப்பதற்குள் இருபது லிட்டர் பீர் சாக்கடைக்குப் போயிற்று.

நான் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில். பழைய செங்கல் வீடு, கீழே ஒரு நிலவறை. குளிர்காலத்தில் அங்கே பத்துப் பதினொரு டிகிரி, நல்ல கோடையில் பதினெட்டு. பீர் காய்ச்சுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சொந்த உபயோகத்துக்காக வீட்டில் காய்ச்ச இங்கே 1963-லிருந்து உரிமம் தேவையில்லை. விற்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் சட்டம் இதற்கு இடம் கொடுப்பதில்லை என்பதால் அங்கிருந்து படிப்பவர்கள் இதை ஈஸ்ட்டின் கதையாக மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது பண்ணை பீர். பெல்ஜியத்தின் தெற்கே, பிரெஞ்சு பேசும் வலோனியாவில், எய்னோ என்றொரு மாகாணம். அங்கே வயலில் வேலை குறைந்த குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, கோடையில் வயல் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்த பீர்தான் சேஸோன் என்பார்கள். சேஸோன் என்றால் பருவம். தூர்ப் கிராமத்தில் 1844-லிருந்து பண்ணையோடு சேர்ந்தே நடக்கும் துபோன் ஆலையின் சேஸோன்தான் இன்றைக்கு எல்லோரும் அளவுகோலாக வைப்பது. 6.5 சதவீதம், நாக்கில் இனிப்பே மிஞ்சாத வறட்சி, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் எலுமிச்சைத் தோல். கடையில் கிடைக்கும் சேஸோன்களில் பெரும்பாலானவற்றில் இப்போது காட்டு ஈஸ்ட் கிடையாது. ஆனால் மாதக்கணக்கில் மரப் பீப்பாயில் கிடந்த பழைய பண்ணை பீரில் அது இல்லாமல் இருந்திருக்க முடியாது. என் ஆசை எல்லாம் அந்த நிழல்தான். குடிக்கும்போது ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்று தோன்ற வேண்டும். ‘இதில் பிரெட் இருக்கிறது’ என்று தோன்றக் கூடாது.

பிரெட்டின் முழுப்பெயர் பிரெட்டனோமைசிஸ், அதாவது பிரிட்டிஷ் பூஞ்சை. அந்தப் பெயர் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-ல் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். பீர் உலகமே அவர் பின்னால் போயிற்று. ஆனால் பீப்பாயில் மாதக்கணக்கில் முதிரவைக்கும் ஆங்கிலேய ஸ்டாக் பீர் மட்டும் தூய ஈஸ்ட்டுக்குப் பிடிகொடுக்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கும், அந்தப் பழைய மணம் மட்டும் வராது. அதே கார்ல்ஸ்பெர்க்கில் வேலை பார்த்த கிளாசன், அந்த மணம் இரண்டாவதாக மெதுவாக வேலை செய்யும் இன்னொரு ஈஸ்ட்டால் வருவது என்று கண்டுபிடித்து, 1904-ல் லண்டனில் வாசித்தார். அதைத் தனியாக வளர்த்து, வேண்டுமென்றே சேர்க்கலாம் என்பதுதான் அவர் சொன்னது. பீரைக் கெடுக்கும் கிருமி என்று ஆலைகள் இன்றைக்கும் பயப்படும் ஒன்றை, தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டிய பொருளாகப் பார்த்த முதல் ஆள் அவர். இன்று நிலவறையில் நாங்கள் செய்வதெல்லாம் அவர் சொன்னதன் தொடர்ச்சி.

சரி, என் இருபது லிட்டருக்கு வருகிறேன்.

பிரெஞ்சு சேஸோன் ஈஸ்ட் போட்டு, அது முடித்ததும் ப்ரக்ஸெலென்சிஸ் என்ற பிரெட் வகையை அரை டீஸ்பூன் விட்டேன். குப்பியில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றாம் மாதம் நன்றாக இருந்தது. ஐந்தாம் மாதம் மூடியைத் திறந்தபோது முழங்காலில் ஒட்டுவோமே பிளாஸ்திரி, அதைப் பிரித்தவுடன் வரும் வாசனை. அதற்குப் பின்னால் ஈரமான மாட்டுத் தொழுவம். ஒரு மடக்குக் குடிக்க முடியவில்லை.

காரணம் எளிது. முதல் ஈஸ்ட் சாப்பிட்டு முடித்த பிறகும் பீரில் அது கடிக்க முடியாத பெரிய சர்க்கரைகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பிரெட் அவசரப்படாமல் அதை உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டே பெருகும். போட்டிக்கு ஆள் கிடையாது, நேரம் தாராளமாக இருக்கிறது. அரை டீஸ்பூன் விட்டாலும் அரை டம்ளர் விட்டாலும், என் அனுபவத்தில், ஐந்தாறு மாதத்தில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. குறைவாக விட்டது கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். பார்க்கப்போனால், ஆரம்பத்திலேயே முதல் ஈஸ்ட்டோடு சேர்த்துத் தாராளமாக விட்டபோதுதான் எனக்கு வாடை குறைந்திருக்கிறது.

அப்படியானால் அடக்கம் எங்கிருந்து வரும்? இதைத் தெரிந்துகொள்ள ஒரே காய்ச்சலை நான்கு கண்ணாடி ஜாடிகளில் பிரித்தேன். இங்கே கிடைக்கும் ஜாடி நாலரை லிட்டர் பிடிக்கும். மூன்றரை கிலோ பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), நானூறு கிராம் கோதுமை மால்ட், 65 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறல், கசப்புக்கும் மணத்துக்கும் கென்ட் கோல்டிங்ஸ் என்ற ஹாப்ஸ் பூ. ஆரம்ப கிராவிட்டி, அதாவது தண்ணீரை 1.000 என்று வைத்தால் சர்க்கரை கரைந்த இந்தத் திரவத்தின் அடர்த்தி, 1.045; ஈஸ்ட் சர்க்கரையைச் சாப்பிடச் சாப்பிட இது இறங்கும். நான்கிலும் முதலில் அதே சேஸோன் ஈஸ்ட். பிறகு ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்ற மூன்றில் ஆளுக்கொரு பிரெட்: கிளாசனின் பெயர் தாங்கிய கிளாசெனி, ப்ரக்ஸெலென்சிஸ், லாம்பிகஸ் என்று லேபிள் ஒட்டி வரும் இன்னொன்று.

இங்கே பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. குப்பியில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து ஈஸ்ட் வாங்காதீர்கள். லாம்பிகஸ் என்பதைத் தனி இனமாக இப்போது யாரும் கணக்கில் வைப்பதில்லை, அதுவும் ப்ரக்ஸெலென்சிஸ்தான். கிளாசெனி இப்போது அனோமலஸ் என்ற இனத்துக்குள் அடங்கிவிட்டது. பிரெட் என்றே பல ஆண்டுகள் விற்ற ஒரு பிரபலமான ரகம், மரபணுவைப் பார்த்தபோது பிரெட்டே இல்லை, நம் சாதாரண பீர் ஈஸ்ட்டின் இனம் என்று தெரிய வந்தது. இனத்தின் பெயர் ஊர்ப் பெயர் மாதிரி. ஒரே ஊரில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே குணமாகவா இருக்கிறார்கள்?

நான்கு ஜாடிகளையும் இரண்டு, நான்கு, ஏழாம் மாதங்களில் மட்டும் திறந்தேன். அடிக்கடி திறக்கக் கூடாது; காற்று பட்டால் பிரெட் வினிகர் புளிப்பை உண்டாக்கும். (காற்றும் பாக்டீரியாவும் சேராதவரை பிரெட் பீரைப் புளிக்க வைக்காது. காட்டு ஈஸ்ட் என்றாலே புளிப்பு பீர் என்று நினைக்கிறவர்கள் அநேகம்.) இரண்டாம் மாதம் மூன்று ஜாடிகளின் மேலும் ஏடு படிந்திருந்தது. ப்ரக்ஸெலென்சிஸ் ஜாடியில் ஆறிய பால் மேல் நிற்கிற மாதிரி சுருக்கம் விழுந்த தடித்த ஏடு, அங்கங்கே கொப்புளம். கிளாசெனி ஜாடியில் தூள் தூவியது போல மெல்லிய வெள்ளை, ஜாடியைத் தொட்டாலே கலைந்து தீவு தீவாக மிதந்தது. ஏட்டை வைத்துக் குணம் சொல்ல முடியாது. அது காற்று எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதைத்தான் சொல்லும். ஆனாலும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் மாதம். லாம்பிகஸ் ஜாடியில் புகையும் கிராம்பும், அடியில் புளிப்புச் செர்ரி மாதிரி ஒரு சாயல். ப்ரக்ஸெலென்சிஸ் வழக்கம்போலத் தொழுவம், ஆனால் இந்த முறை பிளாஸ்திரி இல்லை, பழைய தோல் செருப்பு. இரண்டும் ஒரே இனம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிளாசெனியில் எதுவும் இல்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் பிரெட் இல்லாத ஜாடியை வைத்து மாறி மாறி முகர்ந்தபோது பிடிபட்டது. முதல் ஜாடியில் இருந்த வாழைப்பழ வாசனை இதில் காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் அன்னாசி. பழத்தின் சதை அல்ல, நாம் வெட்டித் தூக்கிப் போடும் அந்த நடுத்தண்டு.

இதற்கு விளக்கம் உண்டு. பிரெட் சில எஸ்டர்களை (பழ மணம் தரும் வேதிப்பொருள்கள்) உடைக்கும், வேறு சிலவற்றைக் கட்டும். வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட்டை உடைத்துவிட்டு, எத்தில் லாக்டேட் மாதிரியானவற்றைக் கட்டுகிறது. தொழுவ வாடை வேறு வழி. தானியத்தில் ஃபெருலிக் அமிலமும் கூமாரிக் அமிலமும் இருக்கின்றன. சேஸோன் ஈஸ்ட் ஃபெருலிக் அமிலத்தைக் கிராம்பு வாசனையுள்ள வினைல் குவயகாலாக மாற்றி வைக்கும். பிரெட் அதை எடுத்து எத்தில் குவயகாலாக மாற்றினால் புகை. கூமாரிக் அமிலத்தின் வழியில் வந்ததை எத்தில் ஃபீனாலாக மாற்றினால் தொழுவம், பிளாஸ்திரி. ஆக, காரமான சேஸோன் ஈஸ்ட்டைப் போட்டுவிட்டு அதன் மேல் பிரெட்டை விடுவது, பிரெட்டுக்கு அரிந்து வைத்த காய்கறியைக் கொடுப்பது மாதிரி. சமைக்க வேண்டியதுதான் பாக்கி.

காட்டு ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வீட்டு ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். அடுத்த காய்ச்சலில் சேஸோன் ஈஸ்ட்டை ஒதுக்கிவிட்டு, கிராம்பு வாசனையே தராத சாதுவான ஆங்கிலேய ஏல் ஈஸ்ட் ஒன்றைப் போட்டேன். மால்ட்டை 45 டிகிரியில் நிறுத்தி ஊறவைக்கும் பழக்கத்தையும் விட்டேன். அந்தச் சூட்டில்தான் ஃபெருலிக் அமிலம் அதிகமாக அவிழ்ந்து வரும். கோதுமையைப் பாதியாகக் குறைத்தேன். பிரெட்டுக்குத் தானே அந்த மாற்றத்தை முதலிலிருந்து செய்யவும் தெரியும், அதனால் வாடை அறவே போய்விடாது. ஆனால் கையில் சரக்கு குறைந்துவிடும். ஏல் ஈஸ்ட் 1.010-ல் நின்றது. பிரெட் ஆறு மாதத்தில் அதை 1.004-க்கு இறக்கியது. பண்ணை பீருக்கு வேண்டிய வறட்சியைச் சேஸோன் ஈஸ்ட் இல்லாமல் பிரெட்டே கொண்டுவந்துவிட்டது.

அந்தக் காய்ச்சலையும் ஜாடிகளில் பிரித்திருந்தேன். அதிலிருந்து மூன்று கிளாஸ் ஊற்றி, எது என்ன என்று சொல்லாமல், இரண்டு வீடு தள்ளியிருக்கும் அண்ணையிடம் கொடுத்தேன். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் இங்கே வந்தவர். வாசனை விஷயத்தில் அவர் மூக்கை நான் என் மூக்கைவிட நம்புகிறேன். அவசரப்படாமல் மூன்றையும் முகர்ந்தார்.

“தம்பி, முதலாவது நல்லாத்தான் இருக்கு, ஆனா வெறும் பியர். மூண்டாவது மாட்டுக் கொட்டில். ரெண்டாவதிலை ஏதோ ஒரு பழம் நிக்குது. என்ன பழமெண்டு பிடிபடேல்லை.”

இரண்டாவதுதான் கிளாசெனி. ‘பிடிபடேல்லை’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இரண்டு வருடம் அலைந்தேன் என்று அவரிடம் சொன்னேன். “அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்தும், பாப்பம்” என்றார். அப்புறம் ஊர்க் கதை வந்தது. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பணி, தடவாவிட்டால் கள்ளு; முட்டியை மாற்றினால் கள்ளின் ருசியும் மாறும் என்று அவர் அப்பா சொல்வாராம். நார்வேயின் வோஸ் பக்கத்துப் பண்ணைகளிலும் அப்படித்தான், மரத் துண்டுகளைக் கோத்த வளையத்தைப் பீரில் நனைத்துக் காயவைத்து, அடுத்த காய்ச்சலுக்கு ஈஸ்ட்டை அதிலேயே பாதுகாத்தார்கள் என்று நான் சொன்னேன். க்வைக் என்ற அந்தப் பண்ணை ஈஸ்ட்டைக் காட்டு ஈஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தலைமுறை தலைமுறையாக மனிதன் கையில் வளர்ந்தது அது. 40 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்கும், பசு மாதிரிப் பழகியது.

நிஜமான காட்டு ஈஸ்ட்டையும் பிடித்துப் பார்த்தேன். ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்த மால்ட் தண்ணீரை ஆறவைத்து, லாக்டிக் அமிலத்தால் காடித்தன்மையை (pH) 4.5-க்குக் கொண்டுவந்து, ஒன்பது சின்ன ஜாடிகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒன்று போட்டேன்: வேலியோரத்து பிளாக்பெரி, எல்டர் பூ, ஓக் மரப்பட்டை, இப்படி. நான்கில் பூசணம், நேராகக் குப்பைக்கு. மூன்றில் அழுகிய முட்டைக்கோஸ். பிளாக்பெரி ஜாடி அழகாக நுரைத்தது, ஆனால் 1.040-லிருந்து 1.033-க்கு வந்து நின்றுவிட்டது. பழத்தோலில் வாழும் ஈஸ்ட்டுகள் பலவற்றுக்கு மால்ட்டில் இருக்கும் முக்கியச் சர்க்கரையான மால்ட்டோஸைக் கடிக்கத் தெரியாது. பழத்தில் இருப்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தானே. ஓக் பட்டை ஜாடி மட்டும் 1.010 வரை இறங்கியது, தேன் மாதிரி ஒரு மணம். பிரிட்டனின் ஓக் பட்டையில் சாக்கரோமைசிஸ் பாரடாக்ஸஸ் வாழ்வது சகஜம், நடத்தையைப் பார்த்தால் இதுவும் அந்த உறவுதான். லாகர் ஈஸ்ட்டின் தொலைந்துபோன காட்டுத் தாயை 2011-ல் பாட்டகோனியாவின் பீச் மரங்களில் கண்டுபிடித்தார்கள் என்பது ஞாபகம் வந்து, அந்த ஜாடியைக் கொட்ட மனம் வரவில்லை. குளிர்பெட்டியில் இருக்கிறது. வீட்டில் முயல்பவர்களுக்கு ஒன்று: பூசணம் வந்ததைச் சுரண்டிவிட்டு உபயோகிக்காதீர்கள். நன்றாக நொதித்து ஒரு மாதம் ஆகும்வரை வாயில் வைக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது உயிர் சம்பந்தப்பட்டது. கிராவிட்டி இரண்டு புள்ளி (0.002) இறங்கினால் ஏறக்குறைய பீரின் கொள்ளளவில் ஒரு மடங்கு வாயு சேரும். சாதாரண பீர் பாட்டிலில் இருப்பது இரண்டரை மடங்கு. பிரெட் உள்ள பீரை 1.010-ல் பாட்டிலில் அடைத்துவிட்டு அது உள்ளேயே 1.004-க்கு இறங்கினால் மூன்று மடங்கு கூடுதலாக ஏறும். ஒரு ராத்திரி நிலவறையில் இரண்டு பாட்டில்கள் வெடித்து, எதிர்ச்சுவர் மரப் பலகையில் கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. யாரும் கீழே இல்லை. இப்போதெல்லாம் இரண்டு மாதம் கிராவிட்டி அசையவில்லை என்று உறுதியான பிறகுதான் அடைக்கிறேன், அதுவும் ஷாம்பெயின் பாட்டிலில் மட்டும்.

அடைத்த மூன்றாம் வாரம் திறந்து குடித்துவிட்டு மனம் உடைந்துபோகாதீர்கள். விழுங்கிய பிறகு தொண்டையின் பின்பக்கத்தில் எலி வாடை அடிக்கும். சிலருக்கு அது சுட்ட பிஸ்கட் மாதிரித் தோன்றும். பீரின் புளிப்பில் அது ஒளிந்துகொண்டிருக்கும், எச்சில் பட்டதும் வெளியே வரும். அதனால் கிளாஸை முகர்ந்தால் தெரியாது. பாட்டிலில் அடைக்கும்போது பட்ட காற்றால் வருவது. இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் தானாகப் போய்விடும். இந்த வாடைக்குப் பயந்து ஒருமுறை பாதிப் பாட்டில்களைக் கொட்டியிருக்கிறேன்; மிச்சம் இருந்தவை கோடையில் அருமையாக இருந்தன.

எந்த ரகத்தில் தொடங்குவது என்று கேட்டால், குப்பி வாங்கும் முன்னால் ஒரு ஓர்வால் பாட்டில் வாங்குங்கள் என்பேன். பெல்ஜியத்தின் தென்கோடியில், துறவிகள் மடத்துக்குள் 1931-லிருந்து இருக்கும் ஆலை. 6.2 சதவீத பீர், பாட்டிலில் அடைக்கும்போது பிரெட் சேர்க்கிறார்கள். அடைத்த தேதி பாட்டிலிலேயே இருக்கும். மூன்று மாதத்துப் பாட்டிலில் ஹாப்ஸ்தான் முன்னால் நிற்கும். ஒரு வருடத்துப் பாட்டிலில் ஹாப்ஸ் பின்வாங்கி, தோலும் உலர்ந்த புல்லும் வரும். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் குடித்துப் பார்ப்பது எந்தப் புத்தகத்தையும்விட மேல். குடித்துவிட்டு அடியில் நிற்கும் மண்டியைக் கொட்டாமல் உங்கள் ஜாடியில் விடுங்கள். என் நிலவறையில் இப்போது கிளாசெனிக்கு அடுத்தபடியாக அடக்கமாக நடந்துகொள்வது அந்த மண்டிதான்.

அந்தக் கிளாசெனிக் காய்ச்சலில் ஆறு பாட்டில்களை ஒதுக்கி வைத்திருந்தேன். பதினான்காம் மாதம் கடைசிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன். அன்னாசித் தண்டு மங்கி, இன்னும் ஆழமான, கொஞ்சம் மண் கலந்த ஏதோ ஒன்று வந்திருந்தது. அண்ணை கிளாஸைக் கையால் மூடி, குலுக்கி, மூக்குக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“விளாம்பழம், தம்பி. ஓட்டை உடைச்ச உடனை வாற வாசம்.”

பாட்டிலின் அடியில் அரை விரல் உயரத்துக்கு மண்டி இருந்தது. அதை வாய் மூடி வீட்டுக்கு எடுத்து வந்து, அன்றிரவே புது ஜாடியில் விட்டேன்.